மழைக்கு முன் கிடைத்த மைக்

போன வருடம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நெடுங்கேணியில் இருந்து தண்ணீரூற்றில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பயணத்தைச் சொல்வதற்கு முன் என் பைத்தியத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை விளங்காது.

எனக்கு மைக் பைத்தியம். சின்ன வயதில் அகப்பையைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் நின்று கோயில் அறிவித்தல் சொல்வேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அறிவிப்பாளராக என் பெயரை எடுத்த வருடம்தான் நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்தோம். பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வயதும் நாற்பத்தொன்று ஆகிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரி ஒன்றில் கிளினிக்குக்கு வருபவர்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. அங்கே மைக் கிடையாது, தொண்டைதான். ஆனாலும் சும்மா கூப்பிட மனம் வராது. "முப்பத்தேழாம் இலக்கத்துக்கு உரியவர்..." என்று இழுத்துத்தான் கூப்பிடுவேன். வீட்டிலும் அதே குரல்தான். "இது என்ன றேடியோ ஸ்ரேசனே? சோத்தைப் போடுமப்பா" என்பார் என்னவர்.

அந்தக் கிழமை தொடக்கமே ஒரு மாதிரித்தான் இருந்தது. திங்கட்கிழமை கிளினிக்குக்கு வந்த ஒரு ஐயா நம்பர் துண்டை நீட்டிக்கொண்டே, "பிள்ளை, உம்மட குரல் நாலு ஊருக்குக் கேக்க வேண்டிய குரல்" என்றார். புதன்கிழமை வடை சுற்றி வந்த பேப்பரைப் பிரித்தால், அறிவிப்பாளர் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம்! ஆசையோடு திகதியைப் பார்த்தேன். இரண்டு வருடம் பழசு. "வடையாவது புதுசோ?" என்று கேட்டார் என்னவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ ஒன்று என்னைக் கையைப் பிடித்து இழுப்பது போலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸைத் தவறவிட்டேன். தங்கையின் பிள்ளைகளுக்குக் கிண்டிய பால்ரொபி இனிப்பை மறந்துவிட்டுத் திரும்பி ஓடியதால் வந்த வினை. அடுத்த பஸ்ஸில் ஏறினேன். புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் ஊற்றியது பாருங்கள் ஒரு மழை! என் பக்கத்து யன்னல் பூட்ட வராமல் இறுகிப்போய்க் கிடந்தது. தெப்பமாக நனைந்துவிட்டேன். பஸ் ஓட ஓட மழை பின்னுக்கு நின்றுவிட்டது, முன்னால் நல்ல வெயில். அந்த வெயிலுக்குள், முன்பின் தெரியாத ஓர் ஊரின் நடுவில், சில்லுக்குக் காற்றுப் போய் பஸ் நின்றது.

இறங்கிப் பார்த்தால் றோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல். காலபோக அறுவடை நேரம். எங்கள் பக்கத்தில் தார் றோட்டுத்தான் நெல் காயப்போடும் இடம். ஆனால் காவலுக்கு ஒரு குஞ்சு குருமானும் இல்லை. ஊரே கோயில் பொங்கலுக்குப் போயிருந்தது. மரங்களுக்குள் இருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்? சில்லு மாற்றி முடிவதற்குள் அறிவிப்பாளரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று நடந்தேன்.

கோயில் வாசலில் நின்று தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் விட்டுவிட்டு வந்த மழை கறுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள்ளே பெரிய மருதமரங்கள் வானத்தை மூடியிருந்தன. வரிசை வரிசையாகப் பொங்கல் பானைகள், புகை, மேளம், பாட்டு. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நானும் வயல்காரர் வீட்டுப் பிள்ளைதான். நனைந்த நெல்லை வியாபாரி ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். ஒரு போகம் முழுக்கப் பட்ட பாடு அந்த றோட்டில் கிடந்தது.

ஒலிபெருக்கிக் கொட்டிலுக்கு ஓடினேன். அங்கே ஒலிபெருக்கிக்காரர் மட்டும் இருந்தார். காலையில் இருந்து கத்திக் களைத்த அறிவிப்பாளர் அப்போதுதான் சாப்பிடப் போனாராம். மைக் அவர் இருந்த கதிரையில் கிடந்தது.

"அண்ணை, மழை வருது. நெல்லு முழுக்க றோட்டில கிடக்குது. கெதியாச் சொல்லுங்கோ!"

"ஐயோ தங்கச்சி, மைக்கைப் பிடிச்சால் எனக்கு நாக்கு ஒட்டிப்போடும். நீங்களே சொல்லுங்கோ" என்று பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை என் கையில் தந்தார்.

இத்தனை வருடமாக ஏங்கிய மைக்! நான் என்ன செய்தேன் தெரியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டேன். "எல்லாம் வல்ல அம்பாளின் திருவருளை வேண்டி இங்கு வருகை தந்திருக்கும் அன்பார்ந்த அடியார்களே..." என்று ஆரம்பித்தேன். பழகி வைத்திருந்த அலங்காரம் அத்தனையும் வரிசையாக வந்தது. மரத்து உச்சியில் இருந்து என் குரல் எனக்கே திரும்பிக் கேட்டது. ஆகா, என்ன அழகு! ஆனால் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையில் இருந்து கேட்ட அறிவித்தல்களில் இதுவும் ஒன்று என்று அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள். "மழை பெய்வதற்கான அறிகுறிகள் தென்படுவதால்" என்று நான் நீட்டிக்கொண்டு நிற்க, குளிர்காற்று வந்து முகத்தில் அடித்தது.

வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கத்தினேன்.

"அக்காமாரே, அண்ணைமாரே! றோட்டில நெல்லுப் போட்டவை ஓடுங்கோ! மழை வருது! நான் மழைக்குள்ளால வந்தனான், என்ர சீலையைப் பாருங்கோ, ஈரம்!"

கோயிலே எழும்பியது. பானைகளை வயதானவர்களிடம் விட்டுவிட்டுப் பெண்கள் ஓடினார்கள். பூசாரியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினார். எங்கள் பஸ்காரர்களும் சில்லை அப்படியே போட்டுவிட்டு நெல்லை வாரிக் குவிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் மைக்கை விடவில்லை. றோட்டில் இருந்து ஓடி வருபவர்கள் மூச்சு வாங்கச் சொல்வதை அப்படியே சொன்னேன். "மதகடியில ஒரு அம்மா தனிய நிக்கிறா, நாலு பேர் போங்கோ! நெல்லை மூடப் படங்கு காணாது, வீட்டில கிடக்கிறதை எடுத்துக்கொண்டு ஓடுங்கோ!"

மழை வந்து விழுந்தபோது ஒரு ஓரத்து நெல் மட்டும்தான் நனைந்தது. மற்றதெல்லாம் குவித்து மூடியாயிற்று. சனம் நனைந்து சிரித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பியது. மதகடி அம்மா நேராக என்னிடம் வந்தார். நெல்தூசி ஒட்டிய கையால் என் கன்னத்தைப் பிடித்து, "ஆரின்ர பிள்ளையடி நீ?" என்று கேட்டுவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

அறிவிப்பாளர் சோற்றுக் கையோடு வந்து நின்றார். கோபிக்கப் போகிறார் என்று பயந்து மைக்கை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வைச்சிருங்கோ அக்கா, நான் ஆறுதலாச் சாப்பிட்டிட்டு வாறன். நீங்கள் முதல் தொடங்கினது அப்படியே நான் கதைக்கிற மாதிரி இருந்தது. அதுதான் நானும் எழும்பேல்லை" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா, மண்ணுக்குள் புதைவதா என்று தெரியவில்லை.

சில்லு மாற்றி முடிந்த பிறகு பஸ்ஸுக்கு ஆட்களை மைக்கில் கூப்பிட்டதும் நான்தான். அந்த ஒலிபெருக்கிக்காரர் அடுத்த மாதமே வேறொரு கோயில் திருவிழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். என்னவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டதோடு நிற்கவில்லை. முன்வரிசையில் இருந்து, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் "அது என்ர மனிசி" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று இடங்களிலாவது கூப்பிடுகிறார்கள்.

சில்லுக்குக் காற்றுப் போனதும் அறிவிப்பாளருக்குப் பசித்ததும் எனக்காகத்தானா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. ஆனால் அன்றில் இருந்து மைக்கைக் கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும், எதிரே இருப்பவர்களின் முகத்தை ஒரு தரம் வடிவாகப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.