நம்பர் இல்லாத தட்டு

பிள்ளைகளா, நம்ம ஜீப் பெட்ரோலில் இருந்து டீசலுக்கு மாறிய கதையை உங்களுக்குச் சரியாகச் சொன்னதில்லை. என் தப்பு அதில் இருக்கிறது, அதனால்தான்.

அப்போது புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவேன். பழைய பெட்ரோல் இஞ்சின் முடிந்துபோனது. விபத்தில் நொறுங்கிய ஒரு வேனின் டீசல் இஞ்சினை வாங்கி வந்தேன். ஆனால் வேன் இஞ்சினும் ஜீப் கியர்பாக்சும் நேராகச் சேராது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புத் தட்டு வேண்டும். அடாப்டர் பிளேட் என்போம். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை வண்டி வரலைன்னா வேற வேன் பேசிருவோம்." அன்று வியாழன்.

பழைய இரும்புக் கடை அண்ணாச்சியிடம் ஒரு தட்டு கிடந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நம்பர் இல்லை, கம்பெனி முத்திரை இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. நம்பரை அரத்தால் ராவி எடுத்திருக்கிறாரோ, எங்கேயோ களவு போன சாமானோ என்று எனக்கு உறுத்தியது.

"இது எந்த இஞ்சினுக்கு அண்ணாச்சி?"

"நீரு சொல்லுத இஞ்சினுக்குத்தான் வே."

நான் எந்த இஞ்சினைச் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அளவு பார்க்க ஒரு வழி உண்டு. அட்டையை இஞ்சினின் பின்முகத்தில் வைத்து ஓரமாகச் சுத்தியலால் தட்டினால் துளைகள் எல்லாம் அச்சாக விழும். வீட்டில் போன வருசக் காலண்டர் அட்டை இருந்தது, பெரிய முருகன் படம் போட்டது. படம் என்னைப் பார்க்க வைத்து, சாமி மேல் அடி படாமல் ஓரத்தில் மட்டும் தட்டி எடுத்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் வருகிற இடத்தைப் பிறை மாதிரி வெட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைக்குப் போய்த் தட்டின் மேல் அட்டையை வைத்தேன். ஒரு துளையும் சேரவில்லை. அட்டையில் பிறை இடப்பக்கம், தட்டில் வலப்பக்கம். தட்டைப் புரட்டவும் முடியாது. கியர்பாக்ஸ் உட்காரும் வளையம் அதன் அடிமுகத்தில்தான் இருந்தது.

"வேற எவனுக்கோ செஞ்சதை என் தலையில கட்டப் பாக்கீரா?" என்றேன்.

அண்ணாச்சி வெற்றிலையை மென்றுகொண்டே, "தட்டு சரியாத்தான் இருக்கும். அட்டையப் பாரும்" என்றார். மழுப்புகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? வேன் ஸ்டாண்டுக்குப் போய் டிரைவர்களிடம், "அந்தக் கடையில ஒண்ணும் வாங்காதீங்க, நம்பரை ராவி விக்குதாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் உங்க அம்மாவிடம் புலம்பினேன். அவள் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள்.

"தட்டும்போது சாமி எந்தப் பக்கம் பாத்தாரு?"

"என்னையத்தான்."

"கடையில வைக்கும்போது?"

"அப்பவும் மேலதான். எண்ணெயும் கரியுமா கெடக்கு, அதுல சாமிய எப்படிக் கவுக்க?"

"இஞ்சினைத் தொட்ட பக்கத்தைத் தட்டுல ஒட்டிருக்கீங்க. தட்டு இஞ்சினுக்குப் பின்னாலல்லா வரும்? அப்போ சாமி முகம்லா அதுல படணும்?" என்றவள், குழம்பை ஊற்றிக்கொண்டே, "பக்தி முத்திப்போயி அந்த மனுசனைக் கள்ளனாக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

பாதிச் சோற்றில் எழுந்து ஓடினேன். இதற்குள் வேறு யாராவது தட்டைத் தூக்கியிருந்தால் திங்கக்கிழமை என்ன செய்வது? தட்டு அங்கேயே கிடந்தது. துண்டால் துடைத்து, முருகனைக் கவிழ்த்து வைத்தேன். எல்லாத் துளையும் ஒன்றன் மேல் ஒன்று நின்றது. பிறையும் சேர்ந்தது.

அண்ணாச்சி எழுந்துகூட வரவில்லை. "லேத்துல வெட்டுன தட்டுக்கு நம்பர் எங்க இருந்து வரும்? கம்பெனியா போட்டுச்சு?" என்றார். பிறகு, "இப்பத்தான் ஒரு ஜீப்காரர் இதைக் கேட்டு வந்தாரு. ஸ்டாண்டுல யாரோ என்னமோ சொன்னாவளாம், வேண்டாம்னு போயிட்டாரு. உம்ம வாய்தான் உமக்குக் காப்பாத்திக் குடுத்திருக்கு" என்றார்.

தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் முதலில் ஸ்டாண்டுக்குப் போனேன்.

"காலையில களவாணி, மத்தியானம் நல்லவரா? என்னவே மாத்திச் சொல்லுதீரு?" என்று சிரித்தார் ஒரு டிரைவர்.

"அட்டையத் திருப்பி வச்சிட்டேன் வே. அவரு மேல தப்பில்ல" என்றேன். அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். கடைசி ஆள் தலையாட்டிய பிறகுதான் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

திங்கக்கிழமை ஜீப் ஓடியது.