கையைத் தூக்கினால் இறங்குகிறவன்

பியெரோவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நல்ல மனுசன். அதுதான் அவனுக்கு வியாதி.

ஓஸ்லோவின் அம்மருட் பகுதியில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் நான் காய்கறி வெட்டுகிறேன், அவன் பாத்திரம் கழுவுகிறான். இத்தாலிக்காரன். கதைப்பது உடைந்த நோர்வேஜிய மொழியில். தமிழில் 'அக்கா' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டான். இளமையில் பெரிய பந்தயக் குழுவொன்றில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓடியவன்.

"அப்ப எத்தினை கப் வச்சிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அக்கா. நான் தண்ணி காவினவன்."

குழுவில் தலைவன் ஒருவன்தான் வெல்லவேண்டுமாம். மற்றவர்கள் அவனுக்கு முன்னால் ஓடி எதிர்க்காற்றைத் தாங்கவேண்டும், கூட வரும் குழுக் காரிலிருந்து தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். தலைவனுடைய சில்லுக்குக் காற்றுப் போனால் கையைத் தூக்குவான். பக்கத்தில் வருபவன் இறங்கித் தன் சில்லைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். இதெல்லாம் ஒரு தொழிலா?

ஒருமுறை மலைப் போட்டியில் பியெரோ எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாக முன்னால் போயிருக்கிறான். காதில் மாட்டியிருந்த கருவியில், நில் என்று காரிலிருந்து கட்டளை வந்தது. நின்றான். காற்றுப் போன சில்லோடு பின்னால் வந்த தலைவன் ரெனாத்தோவுக்குத் தன் சில்லைக் கொடுத்தான். ரெனாத்தோ வென்று, தொலைக்காட்சியில் தன் தாய்க்கு நன்றி சொன்னான். அடுத்த வருடம் பியெரோவுக்குக் குழுவில் இடமில்லை. கட்டிய நோர்வேக்காரியோடு ஓஸ்லோவுக்கு வந்தான். அவளும் பிறகு விட்டுப் போனாள்.

போன கோடையில் இங்கே கிரெவ்சன்கொல்லன் குன்றின் ஏற்றத்தில் யாரும் ஓடக்கூடிய சைக்கிள் போட்டி ஒன்று வைத்தார்கள். விருந்தாளியாக ரெனாத்தோவும் ஓடுகிறான் என்று அறிந்ததும் பியெரோ வேறு ஆளாகிவிட்டான். வேலை முடிந்தால் ஏற்றம், மழை பெய்தாலும் ஏற்றம்.

"ஒருக்கா அவனுக்கு முன்னாலை போய்ச் சேரவேணும் அக்கா. வேறை ஒண்டும் வேண்டாம்."

நானும் என் மனுசன் தர்மலிங்கமும் கடைசி வளைவில் நின்றோம்.

"கூடப்பிறந்தவன் ஓடுற மாதிரியெல்லோ நிக்கிறாய்" என்று அவர் நக்கலடித்தார்.

பியெரோதான் முதலில் வந்தான். கொஞ்சம் பின்னால் ரெனாத்தோ, முகமெல்லாம் சிவந்துபோய். "விடாதை, போ" என்று தமிழிலேயே கத்தினேன்.

டப்பென்று சத்தம். ரெனாத்தோவின் முன்சில்லு சப்பையாகிவிட்டது. பியெரோ திரும்பிப் பார்த்தான். ரெனாத்தோ கையைத் தூக்கினான்.

பியெரோ இறங்கிவிட்டான். முழங்காலில் நின்று தன் சில்லைக் கழற்றி, அவனுடைய சைக்கிளில் பூட்டி, முதுகில் கைவைத்துத் தள்ளியும் விட்டான். ரெனாத்தோ இவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. சற்று நேரத்தில் மேலே கைதட்டல் கேட்டது.

"விசரா, இண்டைக்கு ஆர் உன்னை நிக்கச் சொன்னது?" என்று கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றான். "அவன் கையைத் தூக்கினவன் அக்கா. நான் இறங்கிப்போட்டன்."

தர்மலிங்கம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பியெரோ வாங்கினான். குடிக்கவில்லை. மேலே பார்த்தபடி, "அங்கை அவனுக்குத் தண்ணி இருக்கோ தெரியாது" என்றான்.

போத்தலைப் பறித்துத் தண்ணீர் முழுவதையும் தெருவில் ஊற்றினேன்.