கண்ணை மூடாதவர்

ஜவ்வாது மலையில் நான் நடத்திய ஞானஸ்நான வகுப்புக்குச் சாயங்காலம்தோறும் ஒரு சாமை விவசாயி வருவார். ஒல்லியான உடம்பு, அடர்ந்த மீசை, தோளில் கம்பளி. ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடினாலும் அவர் மட்டும் ஜன்னல் வழியே தன் கொல்லையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"கண்ண மூடுங்கண்ணே" என்றேன் ஒருநாள்.

"மூடிக்கினா பன்னி பூந்துடும் ஐயா. கதிர் முத்திக்கினு கீது."

"ஆண்டவர் பாத்துக்குவாரு."

"அவுருக்கு எத்தினி கொல்லையோ! நீங்க மூடிக்கோங்க, நான் பாத்துக்கறேன்."

ஞானஸ்நானத்தன்று விடியற்காலையில் கொல்லையோர ஓடையில் இறங்கியதும் என் கையைப் பிடித்தார்.

"தண்ணிக்குள்ள கண்ண மூடணும் இல்லீங்களா? அதுவரிக்கும் நீங்க பாத்துக்கோங்க."

அவரைத் தண்ணீரில் முக்கி எடுக்கும்வரை, சாமைக் கொல்லையைப் பார்த்தபடியே ஜெபம் சொன்னேன்.