பனிக்கு எத்தனை கை

எங்கள் காரைக்காலில் பனி என்றால் மார்கழிக் காலையில் தலையில் துண்டு கட்டிக்கொள்ள வைப்பது, அவ்வளவுதான். பனிக்கு வடிவம் உண்டு என்பதே ஆறாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பள்ளிக் கண்காட்சிக்குக் காகிதத்தில் பனிப்படிகம் செய்யும் வேலை என்னிடம் வந்தது. இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து வெட்டினேன். விரித்தால் எட்டுக் கைகளோடு அழகாகத்தான் இருந்தது. டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். தண்ணீரின் நுண்துகள்கள் உறையும்போது ஆறு ஆறாகக் கைகோத்து வளையம் கட்டுமாம். அதனால் படிகமும் ஆறு பக்கமாகத்தான் வளருமாம். டீச்சரும் பனி விழுந்து பார்த்தவரில்லை. ஆகவே நான் நம்பவில்லை.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். கல்யாணமான மூன்றாம் மாதமே பாரிசுக்குப் போய்விட்டார். சித்தி விசாவுக்காகக் காத்திருந்தாள். அவருக்கு அங்கே ஆபீஸ் வேலை என்று வீட்டில் எல்லாருக்கும் பெருமை. தினமும் சாயங்காலம், அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில், வீடியோவில் கூப்பிடுவார். ஒரு வெள்ளைச் சுவரும் அவர் முகமும் மட்டும் தெரியும்.

அன்று போனை நான் பிடுங்கிக்கொண்டேன்.

“சித்தப்பா, அங்க பனி விழுதா? ஒன்னு புடிச்சு எத்தனை கைன்னு எண்ணிச் சொல்லுங்க.”

“காலைலேருந்து விழுது பாப்பா. இரு, வெளில போறேன்.”

கறுப்புக் கையுறை மாட்டிய கையை நீட்டினார். முதலில் விழுந்தவை பஞ்சு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று அவர் மூச்சுப் பட்டே கரைந்தது. அப்புறம் தனியாக ஒன்று வந்து உட்கார்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு போனைக் கிட்டே கொண்டுபோனார். உளுந்தளவுதான் இருக்கும். ஒவ்வொரு கையிலும் குட்டிக் குட்டிக் கிளைகள். எண்ணினோம். ஆறு. அடுத்து விழுந்ததில் கிளையே இல்லை, வெறும் தட்டை. அதற்கும் ஆறு மூலை.

என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த சித்தி, “கைய நல்லாக் காட்டுங்க” என்றாள்.

கையுறையில் இரண்டு விரல்கள் கிழிந்திருந்தன, உள்ளே விரல் தோல் வெடித்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ரோடு கூட்டுகிறவர்கள் போடும் மஞ்சள் ஜாக்கெட். பின்னால் ஒரு தள்ளுவண்டியும் நீளமான துடைப்பங்களும். எண்ணுகிற மும்முரத்தில் அவர் அதையெல்லாம் மறந்துவிட்டார். சித்தியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையை இழுத்துக்கொண்டார்.

“சாப்டீங்களா?” என்றாள் சித்தி.

“இனிமேதான்.”

“கைக்குத் தேங்காயெண்ணெ தடவுங்க.”

பிறகு சித்தி என் காகிதங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாக மடித்து, அதை மூன்றாக மடித்தால் ஆறு கை வரும் என்று அவளே கண்டுபிடித்தாள். ஒரு கட்டுக் காகிதம் முழுவதையும் வெட்டி முடித்தாள்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். “ஆபீஸ்லேருந்தா பேசுனாரு?”

“ஆமாம் அத்தான். ஆபீஸ் ஜன்னல் வழியாக் கைய நீட்டிப் பனி புடிச்சுக் காட்டுனாரு.”

இல்லை, ரோட்டில் நின்றுதான் காட்டினார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சித்தி என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் அப்பளத்தை என் தட்டில் வைத்தாள். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் இப்படித் தப்பாகச் சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் சரியாகவே பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு, அப்பளத்தை நொறுக்கினேன்.