ஒன்பதாவது நாற்காலி

சேரப்பணஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, தண்டலம் பக்கத்துக் கல்லூரிக்குப் போனேன். பியானோ மாஸ்டர் கிளாஸ். மாணவி ஒருத்தி எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பாள்; வெளியூர் ஆசிரியர் அங்கேயே திருத்துவார். நாற்காலிகள் நூற்றிருபது. வருகைத் தாளில் கையெழுத்து நூற்றுப் பதினொன்று. உட்கார்ந்திருந்த தலைகள், என்னோடு சேர்த்து எட்டு. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு கேன்டீனில் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். அருவருப்பாக இருந்தது.

அரங்கின் காவலாளி ஒல்லியானவர். சீருடைச் சட்டை தோளிலிருந்து வழிந்தது. வாசிப்பு நடக்கும்போதே பின்வரிசை நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, சத்தமில்லாமல் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். எரிச்சலோடு எழுந்து போனேன்.

"வகுப்பு முடியட்டுமே, என்ன அவசரம்?"

"அவசரம் இன்னா சார்? காலி சேருங்களப் பாத்துப் பாத்து அந்தப் பொண்ணு தப்புத் தப்பா வாசிக்குது. மூணு வாட்டி நிமிந்து பாத்துச்சு."

அதை மட்டும் நான் எண்ணியிருக்கவில்லை.

கடைசியில் ஒன்பது நாற்காலிகள் மிஞ்சின. "எட்டுப் பேர்தானே இருக்கிறோம்?" என்றேன்.

"யாராச்சும் வருவாங்க சார்."

வந்தவர் கல்லூரித் தாளாளர். ஒன்பதாவதில் உட்கார்ந்தார். மூன்று போட்டோ எடுத்தார்கள். உடனே செல்போனில் உரக்கப் பேசிக்கொண்டே எழுந்து போனார். மாணவியின் விரல்கள் நின்றுவிட்டன.

காவலாளி அந்த நாற்காலியைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். அடுக்கிவிடுவார் என்று நினைத்தேன். பழைய இடத்திலேயே வைத்தார். யாருக்காக என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. பிறகு மாணவியைப் பார்த்து, வாசி என்பதுபோல் தலையசைத்தார்.

வாசித்து முடிக்கும்வரை அவள் ஒருமுறைகூட நிமிரவில்லை. இந்தத் தடவை நான் எண்ணினேன்.