எந்தக் காது என்று கேட்காதவர்

தாம்பரத்தில் காது மெஷின் விற்கும் கடைக்கு அப்பாவைக் கூட்டிப் போயிருந்தேன். இஸ்திரி கலையாத சட்டையும் டையுமாக இருந்த விற்பனையாளர், வாய் திறக்கும்போதெல்லாம் பேனாவை டக் டக்கென்று அழுத்தினார். அப்பாவுக்கு எந்தக் காது கேட்கவில்லை என்று விசாரிக்கவே இல்லை.

"எந்த ஏரியா சார்?"

"கூடுவாஞ்சேரி."

விலை கூடிய மெஷின் இருந்த, திறந்து வைத்திருந்த நீலப் பெட்டியை மூடிவிட்டு, அட்டைப்பெட்டி ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "உங்க செக்மென்ட்டுக்கு இதுவே ஜாஸ்தி சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி அமெரிக்காவுல இருக்கான்," என்றேன்.

நீலப் பெட்டி மறுபடி திறந்தது. "முதல்லயே சொல்லக் கூடாதா சார்!"

அப்பாவின் காதை அந்த ஆள் கடைசிவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குத் தம்பியே கிடையாது. அப்பேர்ப்பட்ட அற்பனிடம் மதிப்பு வாங்க ஏன் பொய் சொன்னேன் என்றுதான் இன்னும் விளங்கவில்லை.