தனியாக வரும் கரடி

காட்டிலாகாவில் அவள் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம். அவள் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் கரடியக்கா. கோபம் வந்தால் மூக்கு விடைப்பதால் வந்த பட்டம் என்பான் டிரைவர். கரடித் தடம் பார்ப்பதில் கெட்டிக்காரி என்பதால் வந்தது என்பாள் அவள். இரண்டும் உண்மைதான்.

அன்று காலை ரேஞ்சர் மேஜையில் கிடந்த உத்தரவைப் படித்ததுமே மூக்கு விடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்து உணவுக் கிடங்கை மூன்று முறை உடைத்த கரடியை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, இரண்டு மலை தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டுமாம். ஆணா, பெண்ணா என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'ஆண்'.

"யார் சார் பார்த்தா, ஆண்னு?"

"இதுல பார்க்க என்ன இருக்கு? ஆள் பெருசு. தனியா வருது. கூட குட்டியில்ல. அப்போ ஆண்தான்."

"நானும்தான் பெருசு. ரெண்டு பிள்ளைங்கள வீட்ல விட்டுட்டுத் தனியாத்தான் வேலைக்கு வரேன். என்னையும் ஆண்னு எழுதிடுங்களேன்!"

டிரைவருக்குத் தேநீர் புரையேறியது. ரேஞ்சர் சிரிக்கவில்லை.

அவளும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வருஷமும் இதே கட்டத்தில் இதே சொல்தான். கரடியை வண்டியேற்றி அனுப்பிய ஒன்பதாம் நாள், ஒரு மரத்தடியில் எலும்பும் தோலுமாகச் செத்துக் கிடந்த குட்டியைப் பார்த்தவள் அவள்தான். 'ஆண்' என்று எழுதிய அந்த உத்தரவுத் தாளில் இருந்த சாட்சிக் கையெழுத்தும் அவளுடையது. அவள் கோபத்தில் பாதி ரேஞ்சர் மேல். மீதி யார் மேல் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பத்து மணிக்குக் கிடங்குக்குப் பின்னால் இருந்த சரிவில் அவளும் ரேஞ்சரும் கால்நடை டாக்டரும் பாறை மறைவில் படுத்திருந்தார்கள். டாக்டர் கையில் மயக்க ஊசித் துப்பாக்கி. கரடி கீழே புதரில் பழம் மேய்ந்துகொண்டிருந்தது.

"மூஞ்சியப் பாருங்க டாக்டர், எவ்வளவு ஒடுக்கம்! காது பெருசா தெரியுதா? ஆணுக்குத் தலை அகலம். காது ரெண்டும் ஓரத்துல பொத்தான் தச்ச மாதிரி இருக்கும்."

"இவ்வளவு தூரத்துலேர்ந்து காதை வச்சு எப்படிம்மா சொல்றது?"

"அப்போ அது ஒன்னுக்குப் போற வரைக்கும் பொறுங்க."

ரேஞ்சர் பல்லைக் கடித்தார். "இதுக்கு நாங்க காவல் வேற இருக்கணுமா?"

"இருக்கணும். ஆணா இருந்தா வயித்துக்கடியில முன்னால விழும். பெண்ணா இருந்தா பின்னங்காலுக்கு நடுவுல பின்னால போகும். இதுகூடத் தெரியாம கட்டத்த நிரப்பினா எப்படி?"

"டாக்டர், நீங்க சுடுங்க."

கரடியக்கா துப்பாக்கி வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"ஐயோ, கைய எடும்மா!"

"எடுக்க மாட்டேன்."

எடுக்கவுமில்லை. கை மரத்துப்போனது, ஈ மொய்த்தது, ரேஞ்சர் நாலு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி கழித்துக் கரடி நின்றது. பின்னங்கால்களைக் கொஞ்சம் அகட்டியது. நீர் பின்பக்கமாகப் பீய்ச்சியடித்தது.

டாக்டர் தொலைநோக்கியை இறக்கவேயில்லை. "பெண்தான். இப்பத் திரும்புது... பால்காம்பும் தெரியுது." ஊசியை உருவிப் பெட்டியில் வைத்தார்.

கீழே கரடி ஒரு உறுமல் உறுமியது. பக்கத்து மரத்தின் உச்சிக் கிளையிலிருந்து இரண்டு கறுப்பு மூட்டைகள் பின்பக்கமாகச் சறுக்கி இறங்கின. ஒன்று பாதியிலேயே விழுந்து, எழுந்து, அம்மாவிடம் ஓடியது.

கரடியக்காவுக்குக் கண் கலங்கியது. அது பிடிக்காமல் ரேஞ்சர் பக்கம் திரும்பினாள்.

"மூணு தடவ உடைஞ்சும் அதே தகரக் கதவு! கரடியக் கடத்த வண்டி இருக்கு, கதவு போட ஆளில்லையா?"

"கத்தாதம்மா, கரடிக்குக் கேக்கப் போவுது."

"கேக்கட்டும். அதுக்கும்தான் சொல்றேன்."

ரேஞ்சர் உத்தரவை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார். போனை எடுத்து வெல்டரைக் கூப்பிட்டார். நாளைக்கு வரட்டும் என்று அவர் வாயெடுத்தபோது, அவள் அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல... இன்னைக்கே வந்துடுப்பா" என்றார் ரேஞ்சர்.